கலைச்சொல் வேண்டல்: குதிரைத் தோலில் எழும் ‘சார்காய்டு’

மடல் 1

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். குதிரை வளர்ப்போர்க்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். காரணம் தெரியாத கட்டி எதைக் கண்டாலும் காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். குதிரைகளுக்கு மிகுதியாக வரும் தோல்கட்டியான ‘சார்காய்டு’ என்பதற்குச் சொல் கிடைக்கவில்லை. ‘மரு’ என்றால் எல்லோருக்கும் விளங்கும், போதுமா?

மடல் 2

அம்மையீர், கிரேக்கத்தில் ‘சார்க்ஸ்’ ஊனைக் குறிக்கும். ‘ஆய்டு’ என்னும் ஈறு, போன்றது எனப் பொருள்படும். 1936இல் தென்னாப்பிரிக்காவில் இந்நோயை விவரித்த ஜாக்சன் இட்ட பெயர் இது. ஆதலின் ‘ஊன்போலி’ என்பதே நேர்ச்சொல். ‘கழலை’ என்று சிலர் முன்மொழியக்கூடும். ‘கழல்’ என்னும் வினையடியாக அது பிறந்ததெனின், விரலுக்கடியில் நழுவும் கட்டிக்கே பொருந்தும்; தோலோடு இறுகிக் கிடப்பதற்கு எங்ஙனம் பொருந்தும்? கழங்கு, கழற்சிக்காய் ஆகியவற்றோடு இணைத்து உருண்டையானது எனக் கொண்டாலும், தட்டையாகத் தோன்றும் வகை விடுபட்டுப்போகும்.

மடல் 3

புலவர் ஐயாவின் சொல்லாய்வை மதிக்கிறேன். கால்நடை மருத்துவர் என்ற முறையில் என் முதல் வேண்டுகோள், ‘மரு’ கூடவே கூடாது என்பதுதான். மரு என்றால் தானே உதிரும் என்று காத்திருப்பார்கள். பொறுமையிழந்தால் நூலால் இறுக்கிக் கட்டுவார்கள், கத்தியால் கீறுவார்கள். மாடுகளின் பாப்பிலோமா வைரசோடு தொடர்புடைய இக்கட்டி பொதுவாக உள்ளுறுப்புகளுக்குப் பரவுவதில்லை என்றாலும், சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவி வளரும்; அரைகுறையாக வெட்டினால் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி வரக்கூடும். சோதனைக்காகச் சிறு துண்டு எடுப்பதைக்கூட நாங்கள் யோசித்தே செய்கிறோம். தொடக்கத்தில் பலவேளை அது கட்டியாகவே இராது. முடி உதிர்ந்த ஒரு வட்டமும் சற்றே சொரசொரத்த தோலும் மட்டுமே தெரியும், படர்தாமரை என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். கண்ணிமையில் அது சிறிதாக இருக்கும்போது செய்யக்கூடிய மருத்துவம், இமையோரம் முழுவதும் பரவிய பின் மிகக் கடினமாகிவிடும்.

‘புற்று’ என்றும் எழுத வேண்டாம். அஞ்சிக் காட்டாமலே விட்டுவிடுவார்கள். ‘ஊன்போலி’ என்றால், மனிதருக்கு வரும், இதனோடு தொடர்பற்ற சார்காய்டோசிஸ் நோய்க்கும் அச்சொல்லையே நீட்டிவிடுவார்கள். ‘தோற்கழலை’ என்பது என் பரிந்துரை. நரைநிறக் குதிரைகளின் வாலடியில் வரும் மெலனோமா என்னும் கறுத்த கட்டியைக் ‘கருங்கழலை’ என்றால் இரண்டும் ஓரினமாக அமையும். வாலைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள்.

மடல் 4

நன்றி. இதுவரை எழுதியவர்களில் பெரும்பான்மையோர் கழலையின் பக்கமே நிற்கிறார்கள். ‘தோற்கழலை’ என்பதில் படிப்பவர் தடுக்குவார் என்பதால் ‘தோல்கழலை’ என்றும், முதலில் வருமிடத்தில் அருகே ‘சார்காய்டு’ என்றும் எழுதுகிறேன். கட்டியருகே அளவுகோல் வைத்துப் படமெடுத்து, தேதி குறித்து மருத்துவரிடம் காட்டச் சொல்லும் வரியும், அதற்காக வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது என்னும் எச்சரிக்கையும் சேர்கின்றன.

மடல் 5

‘தோற்கழலை’ என்னும் சொற்புணர்ச்சியைக் கைவிட்டதை நான் ஏற்கவில்லை. ‘ஊன்போலி’ சொல்லடைவிலாவது இடம்பெற வேண்டும். மருவை நீக்கியதில் மட்டும் மருத்துவரோடு முழுதும் உடன்படுகிறேன்.