மாமாவின்ர லான்சருக்கு மூண்டாவது பெட்டி வேண்டாம்

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளையள்

சனி

7:08 ரவி மாமா: கார் திருப்பியும் நிண்டுட்டுது. காலி வீதியில, சவோய் தியேட்டருக்குக் கிட்ட. பின்னால 100ஆம் நம்பர் பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே கொல்லுறான்

7:09 பாமா மாமி: இஞ்சரப்பா, உள்ளுக்கை இருந்து மெசேஜ் போடாமல் இறங்கித் தள்ளுங்கோ

7:10 குகன் அத்தான்: [படம்: ரோசாப்பூ, இனிய காலை வணக்கம்]

7:10 தர்சி: குகன் அண்ணா, நேரம் பாத்துப் போட்டிருக்கிறீங்கள் 😂

7:21 ரவி மாமா: தள்ளியாச்சு. ஒரு ஓட்டோக்காரப் பெடியனும் மீன் வாங்க வந்த ஒரு ஐயாவும் கை குடுத்தவை. இப்ப ஹம்டன் லேனுக்குள்ள ஓரமா நிக்குது

7:24 நான்: மாமா, "திருப்பியும்" எண்டால்? முதல் எப்ப நிண்டது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே

7:27 ரவி மாமா: மூண்டு கிழமை இருக்கும். கராஜில பாத்துட்டு ஈசியூ, அதுதான் எஞ்சினை நடத்துற கொம்பியூட்டர் பெட்டி, பழுதாப் போச்சு எண்டு சொல்லி, பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில ஒண்டு எடுத்துப் போட்டவை. சாமான் 42 ஆயிரம், கூலி 6. உனக்கு வேலை கூட எண்டு கரைச்சல் தரேல்லை

7:28 அம்மா: 48 ஆயிரமோ!! தம்பி, நீ எனக்கு 20 எண்டெல்லோ சொன்னனீ

7:28 ரவி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

7:30 நான்: அதை அம்மாவோட பிறகு தீருங்கோ. சாவியை ஸ்டாட் வரைக்கும் போகாமல் ஒரு படி மட்டும் திருப்பி, டாஷ்போட்டை ஒரு படம் எடுத்துப் போடுங்கோ

7:33 ரவி மாமா: [படம்]

7:36 நான்: பற்றறி லைட் பத்துது. ஒயில் லைட் பத்துது. எஞ்சின் லைட்டைக் காணேல்லை. சாவி திருப்பின உடன அது பத்தி, கொஞ்சத்தில அணைய வேணும். பத்த வைக்கிறதே ஈசியூ தான். அப்ப ஒண்டில் பெட்டி செத்துட்டுது, இல்லாட்டி பெட்டிக்குக் கரண்ட் போகேல்லை. பல்பு பியூஸ் எண்டாலும் இப்பிடித்தான், ஆனா கார் ஸ்டாட் ஆகுமே

7:38 ரவி மாமா: கராஜுக்கும் அடிச்சனான். இதுவும் போட்டுதாம். இன்னொண்டு 38க்கு எடுத்துத் தரலாமாம், திங்கள் சொல்லட்டாம்

7:38 நான்: வேண்டாம்

7:38 நான்: வேண்டாம் மாமா. ஓம் சொல்லிப் போடாதேங்கோ

7:40 நான்: வீட்டில பியூஸ் எரிஞ்சால் புதுசு போடுவம். போட்ட கையோட அதுவும் எரிஞ்சால் மூண்டாவது பியூஸ் வாங்கக் கடைக்கோ போறது? எங்கயோ சோட் ஆகுது எண்டு தேட மாட்டமோ? முதல் பெட்டி ஏன் போனது எண்டு ஆரும் பாத்தவையோ?

7:44 ரவி மாமா: 20 வருசமா எங்கட கார் பாக்கிற பாஸ் தம்பி. நல்ல மனுசன்

7:46 நான்: நல்ல மனுசன் தான். கிளட்ச், பிரேக் எண்டால் நானே அவரிட்டத்தான் விடுவன். இது வேற வேலை

8:02 குகன் அத்தான்: மாமா நான் முந்தியே சொன்னனான். 94ஆம் ஆண்டுக் கார். வித்துப்போட்டு ஒரு சின்ன ஹைபிரிட் எடுங்கோ. இப்ப இறக்குமதியும் திறந்தாச்சு தானே

8:05 ரவி மாமா: 2020 மார்ச்சில பூட்டினவை, 2025 பெப்ரவரியில திறந்தவை. திறந்து என்ன? வரியோட சேத்து விலை கேட்டால் எனக்கு நெஞ்சு நோகுது. நீர் வாங்கித் தாரும், நான் ஓடுறன்

8:06 குகன் அத்தான்: 🙏

8:15 செல்வி பெரியம்மா ரொறொன்ரோ: இஞ்ச இரவு பத்தே முக்கால். நான் இன்னும் படுக்கேல்லை. தம்பி, கேதீஸ் சொல்லுறான் ஒரு சின்ன ஸ்கானர் இருக்காம், காரில குத்தினால் போனில எல்லாம் சொல்லுமாம். அனுப்பி விடட்டோ?

8:19 நான்: பெரியம்மா, அந்தச் சொக்கற் அமெரிக்காவில 96இல இருந்துதான் எல்லாக் காருக்கும் வந்தது. இது யப்பானில ஓட எண்டு செய்த 94 கார். அந்த ஸ்கானருக்கு இதின்ர பாசை விளங்காது. இதுக்குப் பழைய முறை ஒண்டு இருக்கு, எஞ்சின் லைட்டை மினுங்க வைச்சு எண்ணுறது. ஆனா மினுங்கப் பெட்டிக்கு முதல் உயிர் வேணும்

8:20 செல்வி பெரியம்மா ரொறொன்ரோ: அப்ப சொக்லேட் அனுப்புறன்

8:26 நான்: மாமா, பற்றறி நெகற்றிவ் வயரைக் கழட்டி விடுங்கோ. நாளைக்குக் காலமை மீற்றரோட வாறன். முதல் பெட்டி எங்க? கராஜிலயோ?

8:27 ரவி மாமா: ஓம், பழசு அவையிட்டத்தான் இருக்கும்

8:31 பாமா மாமி: இல்லை. என்னட்ட இருக்கு. காசு குடுத்து வாங்கின காரின்ர சாமான், ஏன் விட்டுட்டு வரோணும் எண்டு நான் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தனான். முறுக்குப் போடுற பிஸ்கட் ரின்னுக்குள்ள வைச்சிருக்கிறன்

8:32 நான்: மாமி, உங்களுக்குக் கோயில் கட்டலாம்

ஞாயிறு

11:40 நான்: [படம்]

11:42 நான்: எல்லாரும் கேக்கிறபடியால் ஒரேயடியா எழுதுறன். பெட்டி இருக்கிறது இடப்பக்கச் சீற்றுக்கு முன்னால, கால் வைக்கிற இடத்தில, பிளாஸ்ரிக் மூடிக்குப் பின்னால. சொக்கற்றில 12.4 வோல்ட் வருது, எர்த்தும் சரி. அப்ப வயரிங்கில பிழை இல்லை. செத்தது பெட்டி தான்

11:45 நான்: முதல் பழசைத் திறந்தன். மூடியைத் தூக்கின உடன மீன் மணம்

11:45 தர்சி: என்ன மணம்??

11:47 நான்: மீன். பழைய நெத்தலிப் பை மாதிரி. உள்ளுக்கை மூண்டு கப்பாசிற்றர் இருக்கு, கரண்டைச் சேத்து வைக்கிற, விரல் நுனி அளவு சின்ன உருளையள். அதுக்குள்ள இருக்கிற திரவம் 30 வருசத்தில கசிஞ்சு வெளியில வந்திட்டுது. அது மணக்கும், செப்பையும் அரிக்கும். ரெண்டின்ர காலடி கறுத்துப் போய்க் கிடக்கு. அந்தக் காலத்து யப்பான் பெட்டி கனக்கில இது காணுற வருத்தம், வயசு போனால் வாறது

11:49 ரவி மாமா: அப்ப கப்பாசிற்றர் தான் காரணமோ? அதுக்கோ 48?

11:53 நான்: பொறுங்கோ, அது பாதிக் கதை. பக்கத்தில ஒரு சிப், அதின்ர முதுகில ஊசி முனை அளவில ஒரு ஓட்டை. எரிஞ்சு வெடிச்சிருக்கு. பிறகு ரெண்டாவது பெட்டியைத் திறந்தன். அதே இடம், அதே சிப், அதே ஓட்டை! அதில சிப்புக்குக் கரண்ட் போற செப்புக் கோடும் சேர்ந்து உரிஞ்சு போச்சு

11:54 அம்மா: ஐயோ

11:58 நான்: அந்தச் சிப் ஓட்டுறது ஐடில் மோட்டரை. எஞ்சின் சும்மா நிக்கேக்க எவ்வளவு காத்து விட வேணும் எண்டு கூட்டிக் குறைக்கிற மோட்டர். மாமா, உங்கட கார் சிக்னல்ல நிக்கேக்க நடுங்கினதோ?

12:01 ரவி மாமா: ஆறு மாசமா நடுங்குது. ஏசி போட்டால் இன்னும் கூட. ரயில் மாதிரி. நான் பிளக் எண்டு நினைச்சு மாத்தினனான்

12:20 நான்: மோட்டரைக் கழட்டி அளந்தன். உள்ளுக்கை நாலு கொயில், வயர்ச் சுருள். ஒவ்வொண்டும் மீற்றரில 28 முதல் 33 ஓம் தடை காட்ட வேணும். எங்கட மோட்டர்: 31, 30, 31, கடைசி 4

12:21 தர்சி: 4 எண்டால்?

12:24 நான்: கொயில் உள்ளுக்கை சோட். 30 இருக்க வேண்டிய இடத்தில 4 எண்டால் ஏழு எட்டு மடங்கு கரண்ட் இழுக்கும். சிப் தாங்காது. முதல் பெட்டியை ஒரு பக்கம் கப்பாசிற்றர் திண்டது, மற்றப் பக்கம் மோட்டர். ரெண்டாவது நல்லாத்தான் வந்திருக்கும், இந்த மோட்டர் மூண்டு கிழமையில முடிச்சுப் போட்டுது. 38க்கு மூண்டாவது வாங்கியிருந்தால் அதுக்கும் இதே கதி

12:26 குகன் அத்தான்: மீற்றரால ஒருக்கால் தொட்டுப் பாத்திருந்தால் 48 மிஞ்சியிருக்கும்

12:27 நான்: ரெண்டு நிமிச வேலை அத்தான். அதுதான் எனக்குக் கோவம். பாஸில இல்லை, "பெட்டியை மாத்தினால் சரி" எண்ட அந்தக் கதையில

12:30 அம்மா: சரி சரி, மாமி புட்டு வைச்சிருக்கிறா எல்லே, சாப்பிட்டுட்டுத் திட்டு

15:10 ரவி மாமா: அந்தச் சிப் வாங்கலாமோ?

15:16 நான்: இஞ்ச கடையில தேடினால் கிழமைக் கணக்காகும். ஆனா ஒரு வழி இருக்கு. நாலு கொயிலுக்கு ஒரே மாதிரி ரெண்டு சிப் இருக்கு. ரெண்டாவது பெட்டியில ஒண்டு தான் எரிஞ்சது, மற்றது நல்லா இருக்கு. அதைக் கழட்டிப் பழைய பெட்டியில வைப்பன். ரெண்டு பிணத்தில இருந்து ஒரு ஆள்

15:17 பாமா மாமி: ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா என்ன கதை இது

15:22 நான்: பழைய பெட்டிதான் காருக்கு உரியது. லேபிள்ல எம்டி எண்டு தொடங்குற நம்பர் இருக்கு, அது பொருந்த வேணும். சொக்கற் ஒண்டு எண்டதுக்காக எதையும் குத்தேலாது, ஓட்டோ கியர் காரின்ர பெட்டி வேற. நல்ல காலம், சாவியை அடையாளம் பாக்கிற எலக்ட்ரோனிக் பூட்டு இந்தக் காரில இல்லை. புதுக் கார் எண்டால் பெட்டி மாத்தினால் சாவியை அது மதிக்காது, பழைய பெட்டியின்ர மெமரியை எடுத்து மாத்த வேண்டி வரும்

15:24 நான்: மாமா, உங்களுக்கும் ஒரு வேலை. நாளைக்குப் பஞ்சிகாவத்தை. மீற்றரைத் தாறன். ஐடில் மோட்டர் ஒண்டு வேணும். காசு குடுக்க முதல் நாலு கொயிலையும் அங்கயே வைச்சு அளவுங்கோ. எந்தப் பின்னில பிடிக்கிறது எண்டு கடதாசியில கீறித் தாறன்

திங்கள்

11:32 ரவி மாமா: [குரல் பதிவு 0:41]

11:34 தர்சி: அப்பா, ஒரே வாகனச் சத்தம், ஒண்டும் கேக்கேல்லை. எழுதுங்கோ

11:41 ரவி மாமா: மூண்டு கடை. முதல் கடையில அளக்க விடமாட்டன் எண்டான், வந்திட்டன். ரெண்டாவதில அளந்தன், ஒரு கொயில் ஒண்டுமே காட்டேல்லை. கடைக்காரனே பாத்துட்டு அதைத் தூக்கி வேற பெட்டியில எறிஞ்சான். மூண்டாவதில 29, 30, 30, 29. பத்து சொன்னான், ஏழரைக்கு எடுத்தன். ஒரு பெடியன் கேட்டான், அங்கிள் நீங்கள் டொக்டரோ எண்டு

11:42 நான்: நாடி பாத்த டொக்டர் 👏

21:50 நான்: [படம்]

21:55 நான்: கப்பாசிற்றர் மூண்டும் புதுசு, 105 டிகிரி தாங்குறது, பழசில போட்டிருந்த வோல்ட்டுக்குக் குறையாமல். கசிவை ஸ்பிரிற் போட்டுப் பிரஷால துடைச்சன். ஒரு கோடு அரைவாசி அரிச்சிருந்தது, மயிர் மாதிரி மெல்லிய வயர் வைச்சு ஒட்டியிருக்கு. சிப் கழட்டத்தான் ஒரு மணித்தியாலம் போனது, அவசரப்பட்டால் போர்ட்டில செப்பு உரிஞ்சு வந்திடும். நாளைக்கு விடிய வந்து பூட்டுறன்

செவ்வாய்

6:48 ரவி மாமா: எஞ்சின் லைட் பத்தினது!!!

6:48 ரவி மாமா: அணைஞ்சது!!!

6:49 ரவி மாமா: [குரல் பதிவு 0:19]

6:50 செல்வி பெரியம்மா ரொறொன்ரோ: என்ன வடிவான சத்தம். கேதீஸுக்கும் போட்டுக் காட்டினன்

6:51 அம்மா: நல்லூரானே

7:05 நான்: ஐடில் நிமிசத்துக்கு 750 சுத்தில நிக்குது. ஏசி போட்டும் நடுங்கேல்லை. ஆனா எஞ்சின் லைட் திருப்பிப் பத்தினது

7:05 பாமா மாமி: ஐயோ

7:12 நான்: பயப்படாதேங்கோ. ஸ்ரியறிங்குக்குக் கீழ சொக்கற்றில ஒரு பின்னை எர்த்துக்குக் குடுத்து எண்ணினன். நீட்டா ரெண்டு மினுக்கம், கட்டையா ஒண்டு. நீட்டு பத்து, கட்டை ஒண்டு, அப்ப கோட் 21. தண்ணிச் சூடு பாக்கிற சென்சர். போய்ப் பாத்தால் அதின்ர சொக்கற் கழண்டு தொங்குது

7:13 ரவி மாமா: அது நான் தான் நேற்று இடம் காணாது எண்டு கழட்டினனான்

7:20 நான்: குத்தியாச்சு. பற்றறியைக் கொஞ்ச நேரம் கழட்டிப் பூட்டினன், கோட் அழிஞ்சுது. இப்ப லைட் ஒரே சீரா மினுங்குது, பிழை ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம்

7:31 குகன் அத்தான்: அப்ப கணக்கு எவ்வளவு மாமா?

7:33 ரவி மாமா: மோட்டர் ஏழரை, கப்பாசிற்றர் மூண்டும் முந்நூறு. முதல் 48 கணக்கில இல்லை, அதைப் பற்றி இந்தக் குழுவில ஒருத்தரும் கதைக்கக் கூடாது

7:34 அம்மா: கதைப்பம்

7:40 ரவி மாமா: அக்கா, வெளிக்கிட்டு நில்லுங்கோ. எட்டரைக்கு வாறன், பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போட்டு வருவம்

7:58 பாமா மாமி: என்ர முறுக்கு ரின்னைக் காணேல்லை. ஆர் எடுத்தது?

8:01 நான்: என்னட்டத்தான் மாமி. மூண்டு தரம் கழுவிட்டன், மீன் மணம் இன்னும் போகேல்லை