புதுப்பிப்பு: ஐந்தில் இரண்டு நிலைத்தது

வேலை நெருக்கடியில் உடம்பைக் கவனிக்கவே முடியவில்லை, அதனால் காலை ஓட்டம், தியானம், நாட்குறிப்பு என ஐந்து பழக்கங்களை ஒரே நாளில் தொடங்கப்போகிறேன் என்று இரண்டு மாதம் முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக இது.

பத்தே நாளில் எல்லாம் நின்றுபோனது. சரி, இரண்டு போதும் என்று மறுபடி தொடங்கினேன்.

ஒன்று, கண்ணுக்கு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பார்ப்பது. எனக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். சாயங்கால எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். இப்போது கண்ணைக் கசக்குவது குறைந்திருக்கிறது.

இன்னொன்று நடை. இதற்கென்று நேரம் ஒதுக்கவில்லை. மடிக்கணினியை மூடியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடக்கிறேன், போன் மேசையிலேயே கிடக்கும். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டதால்தான் இது நிலைத்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

நடுவில் நான்கு நாள் விட்டுப்போனது, மனசு சோர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு அப்போதுதான் கண்ணில் பட்டது: ஒரு பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனதாம், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

தூக்கம்தான் இன்னும் சரியாகவில்லை. அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறேன்.