குஞ்சு மீனின் நிறத்துக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுத் தொட்டியில் வளரும் சிக்லிட் என்னும் மீன் குடும்பத்தின் குஞ்சுகளை இனம் காண்பதற்கு ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பக்கத்திலேயே எழுத்து நின்றுவிட்டது. குஞ்சாக இருக்கும்போது மட்டும் உடம்பில் தெரிந்து, வளர்ந்தபின் போய்விடும் நிறத்துக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘இளமை நிறம்’ என்று எழுதிப் பார்த்தேன். தலைச்சாய விளம்பரம் போல இருக்கிறது.

குஞ்சைப் பார்த்துப் பெயர் சொல்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் கென்யி என்ற சிக்லிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகள் எல்லாம் நீலம், மேலிருந்து கீழாகக் கரும்பட்டைகள். வளர்ந்ததும் ஆண் மஞ்சளாகிவிடும், பெண் நீலமாகவே இருக்கும். அதே ஏரியின் ஆரட்டஸ் இதற்கு நேர்மாறு. குஞ்சும் பெண்ணும் மஞ்சள், ஆண் கறுத்துவிடும். ஆரட்டஸ் என்றால் லத்தீனில் ‘பொன் பூசியது’ என்று பொருள். முழு வளர்ச்சி அடைந்த ஆணிடம் அந்தப் பொன்னைத் தேடத்தான் வேண்டும்.

எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் பத்துக் குஞ்சுகள் கொடுத்தார். ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர். சாம்பல் உடம்பு, கரும்பட்டைகள். எல்லாமே கான்விக்ட் சிக்லிட் என்று இருவரும் நம்பினோம். ஒன்றை ஒடுக்கமான கண்ணாடிப் பெட்டியில் விட்டுப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பெரிதாக்கினால், முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் மையால் தொட்டு வைத்தாற்போல ஒரு கரும்புள்ளி. சந்தேகம் வந்து குதத் துடுப்பின் முட்களை எண்ணினேன். விறைப்பான முள் மூன்றுதான். பிறகு கிளைத்த மென்கதிர்கள் தொடங்கிவிட்டன. அடுத்த குஞ்சில் அதே துடுப்பில் ஒன்பது முட்கள். ஒன்பது உள்ளதுதான் கான்விக்ட். மூன்று உள்ளது திலாப்பியா, அதாவது ஜிலேபி கெண்டை. அந்தக் கரும்புள்ளி திலாப்பியாக் குஞ்சுகளுக்கே உரிய அடையாளம். ஜிலேபியில் வளர வளர மறைந்துவிடும்.

பட்டையை நம்பாதீர்கள், முள்ளை எண்ணுங்கள் என்பதுதான் கையேட்டின் சாரம். ஆனால் நம்பக் கூடாத அந்தப் பொருளுக்குப் பெயர் வைக்காமல் எப்படி எச்சரிப்பது?

*

தம்பிக்கு,

நல்ல கேள்வி. முதலில் ஒன்றை விலக்கிவிடுவோம். பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பதுபோல ‘பால்நிறம்’ என்று யாராவது சொல்லக்கூடும். வேண்டாம். வெள்ளை என்று ஒருவர் படிப்பார், ஆண்பால் பெண்பால் என்று இன்னொருவர் படிப்பார். நீங்கள் சொன்ன கென்யியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு நிறம் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது ‘பார்ப்பு’ என்பதில் தொடங்குகிறது. பறவைக் குஞ்சுக்கும் தவழ்வனவற்றின் குஞ்சுக்கும் அது பொருந்தும் என்கிறது. மீனுக்கு நீட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் ‘பார்ப்புநிறம்’ என்றால் இன்றைக்குப் படிப்பவர் கண்பார்வை என்றுதான் எண்ணுவார்.

என் பரிந்துரை: தளிர்நிறம். மாந்தளிர் செம்பு நிறத்தில் துளிர்த்து, முற்றியதும் பச்சையாகிறது அல்லவா? உங்கள் மீனும் அதையேதான் செய்கிறது.

ஒரு முணுமுணுப்பு: ஜிலேபி கெண்டை கெண்டையே அல்ல. கெண்டைக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு மூக்குத் துளைகள், சிக்லிட்டுக்கு ஒன்றுதான். சிக்லிட்டின் விலாவில் நீளவாக்கில் செல்லும் பக்கக்கோடும் நடுவில் அறுந்து இரண்டு துண்டாக ஓடும். பெயர் சூட்டியவர்கள் மூக்கைப் பார்க்கவில்லை.

*

ஐயா,

மாந்தளிர் உவமை அருமை. மறுக்கவே மனம் வரவில்லை, இருந்தாலும் மறுக்கிறேன். ‘இந்தக் குஞ்சு தளிர்நிறத்தில் இருக்கிறது’ என்று எழுதினால் இளம்பச்சை மீன் என்று நினைப்பார்கள். இன்னொன்று, திலாப்பியாக் குஞ்சின் புள்ளியை நிறம் என்று சொல்வது எப்படி? ஆஸ்கார் என்ற சிக்லிட் குஞ்சின் கரிய உடம்பில் வெள்ளை நெளிகோடுகள் ஓடுகின்றன. வளர்ந்தால் அவையும் போய்விடும். போவது நிறம் மட்டும் இல்லை. கோடு, புள்ளி, பட்டை எல்லாமே போகின்றன.

*

இருவருக்கும் வணக்கம். இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கோடும் புள்ளியும் சேர்ந்தால் அதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறதே: கோலம். தரையில் போடுவதும் கோலம், ஒருவர் பூண்டு நிற்கும் தோற்றமும் கோலம். ‘இளங்கோலம்’ என்று வைத்துக்கொண்டால் என்ன? ‘இளங்கோலம் கலைந்தது’ என்று வினையும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு கலைச்சொல்லைத் தனியாக நிறுத்தி அழகு பார்ப்பதைவிட வாக்கியத்துக்குள் நடக்கவிட்டுப் பார்ப்பதே என் வழக்கம். இது நொண்டாமல் நடக்கிறது.

*

அம்மா,

மீனைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட்டு இன்னொரு சொல்லையும் தீர்த்துவைத்துவிட்டீர்கள். ஆண் ஜிலேபி, இனப்பெருக்கக் காலத்தில் உடம்பு கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு விளிம்பு சிவந்து நிற்கும். அதை இத்தனை நாளாக ‘இனப்பெருக்கக் கால நிறமாற்றம்’ என்று மூச்சு வாங்க எழுதிவந்தேன். அது மணக்கோலம் அல்லாமல் வேறென்ன? பயந்தால் சில நொடிகளில் தோன்றி மறையும் பட்டைகளை அச்சக்கோலம் என்றுவிடலாம். இளங்கோலத்தோடு அதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஒரே குடும்பத்துச் சொல்லாக இருந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

*

தம்பி, தளிரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘இளங்கோலம்’ காதில் ‘அலங்கோலம்’ என்று விழுகிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ஒரு கேள்வி: கலையாமலே போனால்?

*

அப்படியும் உண்டு, ஐயா. மைடாஸ் சிக்லிட் சாம்பல் நிறக் குஞ்சாகத் தொடங்கும். சில மீன்கள் ஆரஞ்சாக மாறும். மற்றவை கடைசிவரை சாம்பலாகவும் பட்டையாகவும் இருந்துவிடும். அவற்றை ‘கோலம் கலையாதவை’ என்றே எழுதிக்கொள்கிறேன்.

அலங்கோலத்துக்குப் பயப்படவில்லை. பத்துக் குஞ்சுகளில் இன்னும் நான்கைப் படம் எடுக்க வேண்டும். இன்று காலை ஆறாவதை எண்ணினேன். மூன்று முள்.