எங்க மழைமானியில் 48 மி.மீ., எஸ்டேட்டில் 12! எங்கே தப்பு?

கேள்வி: தேயிலைக்காட்டு டீச்சர்

கோத்தகிரிப் பக்கம் ஈராசிரியர் பள்ளி. மூணு, நாலு, அஞ்சு மூணு வகுப்பும் என் கையில். மொத்தம் 17 பிள்ளைகள். பாதிப் பேர் ஹட்டி (படுகர் ஊருக்கு இங்கே அதான் பேர்), மீதிப் பேர் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடு. நான் திருவாரூர்க்காரி, மலைக்கு வந்து இது ரெண்டாவது ஐப்பசி.

போன வாரம் கணக்கில் அளவைகள் பாடம். வெளியே விடாமல் தூறல். சரி, மழையையே அளப்போம்னு திங்கள் மத்தியானம் ஆரம்பிச்சோம். எங்க ஊர்னா ரோட்டோரம் நாலு தண்ணி பாட்டில் பொறுக்கிடலாம். இங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, ஒண்ணுகூடச் சிக்கலை. கடைசியில் சத்துணவு அக்கா ரெண்டு கண்ணாடி ஊறுகாய் ஜாடி கொடுத்தாங்க. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், உள்ளே 7 செ.மீ. அடிப்பக்கம் உள்ளே குமிழ்ந்து இருந்ததால் கொஞ்சம் தண்ணி ஊத்தி, அந்த மட்டத்தில் பூஜ்ஜியம் போட்டு, பழைய ஸ்கேல் ஒண்ணை நூலால் கட்டினோம். ஒரு ஜாடியில் சீமெண்ணெய்ப் புனல் செருகி மைதானத்தில் வெச்சோம். இன்னொண்ணைச் சும்மா சில்வர் ஓக் மரத்தடியில் வெச்சோம்.

காலை உணவுக்கு எட்டு மணிக்கே பிள்ளைகள் வந்துடுவாங்க. அதனால 8.30 ரீடிங் அவங்க பொறுப்பு.

செவ்வாய் காலை மைதானத்து ஜாடியில் பூஜ்ஜியம், மரத்தடி ஜாடியில் 3 மி.மீ.! நாங்க ஜாடி வைக்கிறதுக்குள்ள தூறல் விட்டிருந்துச்சு. ராத்திரியும் மழையே இல்லை, பனிமூட்டம் மட்டும்தான். அன்னிக்குப் பூரா பாடப் புத்தகத்தை நான் தொடவே இல்லை. மரத்தடியில் போய் நின்னு, இலை நுனியில் மூட்டம் சேர்ந்து சொட்டாகி விழறதைப் பார்த்துக்கிட்டே இருந்தோம். ஒரு சொட்டு விழ எத்தனை எண்ணலாம்னு மூணாம் வகுப்பு எண்ணிச்சு.

புதன்கிழமை குரங்கு புனலைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. பொங்கல் கொடுத்து மீட்டோம்.

வியாழன் காலை 48 மி.மீ. ஒரே ஆரவாரம். "எத்தனை மில்லிமீட்டர் வந்தா கலெக்டர் லீவு விடுவார் டீச்சர்?"னு அஞ்சாம் வகுப்பு கேட்டுச்சு. வெள்ளிக்கிழமை மேஸ்திரி பையன் எஸ்டேட் ஆபீஸ் சீட்டு கொண்டுவந்தான். அதே ராத்திரிக்கு 12 மி.மீ.! "அம்மா பறிச்ச கொழுந்தை ஈரம்னு எடையில கழிக்கிற மாதிரி மழையிலயும் கழிச்சிட்டாங்க"ன்னு ஒருத்தி சொன்னா. எனக்கு அதுக்குப் பதில் தெரியலை.

இன்னொரு சந்தேகம். ஹட்டிப் பிள்ளை ஒருத்தி அட்டவணையில் பத்து என்பதை 'ஹத்து'ன்னு எழுதியிருக்கா. சிவப்பு மையில் திருத்தவா?

பதில் 1: பழைய ரைட்டர்

டீச்சரம்மா, எஸ்டேட் ஆபீசில் 31 வருஷம் மழைப் புத்தகம் எழுதினவன் சொல்றேன். கழிச்சது எஸ்டேட் இல்லை, கூட்டினது உங்க புனல். புனல் வாய் எத்தனை செ.மீ.? வாய் அகலமாவும் ஜாடி குறுகலாவும் இருந்தா, பெரிய வட்டத்தில் விழுந்த மழை சின்ன வட்டத்தில் ஏறி நிக்கும். ஆபீஸ் மானியிலும் புனல் உண்டு. ஆனா அதோட கண்ணாடி அளவைக் குழாயை அந்தப் புனல் வாய்க்குன்னே கணக்குப் பண்ணிக் கோடு போட்டிருப்பாங்க. வேற மானிக் குழாயில் ஊத்தினா அதுவும் பொய்தான் சொல்லும்.

8.30 சரியான நேரம். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்குது. மானியை மரத்தின் உயரத்தைப் போல் ரெண்டு மடங்காவது தள்ளி வைங்க. எங்க பழைய நோட்டெல்லாம் அங்குலமும் சென்ட்டும், 100 சென்ட் ஒரு அங்குலம். 25.4-ஆல் பெருக்கியே என் கண் போச்சு.

பதில் 2: ஹட்டிப் பொண்ணு

அக்கா, சிவப்பு மை வேண்டாம். எங்க படுகப் பேச்சில் பல சொல்லுக்குத் தமிழ் 'ப' இடத்தில் 'ஹ' வரும். பால் எங்களுக்கு ஹாலு, பத்து எங்களுக்கு ஹத்து. அவ காதில் கேட்டதைச் சரியாத்தான் எழுதியிருக்கா. பக்கத்தில் 'பத்து'ன்னும் எழுதச் சொல்லுங்க, போதும். நான் மூணாம் வகுப்பில் 'ஹாலு'ன்னு எழுதி அடி வாங்கினவ. அப்புறம் ரெண்டு வருஷம் வகுப்பில் வாயே திறக்கலை.

பதில் 3: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

புனல் வாய் ஜாடியைப் போல் ரெண்டு மடங்குன்னா மழை ஏன் நாலு மடங்கு காட்டுதுன்னு பிள்ளைகள் கேட்பாங்க. வட்டத்தின் பரப்பு சூத்திரம் அவங்களுக்கு இன்னும் வரலை. தரையில் சாக்பீஸால் ரெண்டு வட்டமும் போட்டு, பீன்ஸ் விதையை ஒரே அடுக்காப் பரப்பி எண்ணச் சொல்லுங்க.

லீவு கேட்ட பயலுக்கு ஒரு வேலை. 2009 நவம்பர் 10 நம்ம நீலகிரி கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அந்த உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டு, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தரைப் பக்கத்தில் நிக்க வைங்க. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 91 செ.மீ. அது தென்மேற்குப் பருவமழை. ஒரே மாவட்டத்தில் அவலாஞ்சிக்கு ஆடியில் கொட்டுது, உங்க பக்கம் ஐப்பசிக்குக் காத்திருக்குது. மேப்பை விரிக்க நல்ல சாக்கு.

தேயிலைக்காட்டு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. புனல் வாய் 14 செ.மீ.! விதை பரப்பினோம். சின்ன வட்டத்தில் 36, பெரிசில் 149. "நாலு மடங்கும் அஞ்சு விதையும்"னு நாலாம் வகுப்பு அடிச்சுச் சொல்லுது. 48-ஐ நாலால் வகுத்ததும் மேஸ்திரி பையன் மேசை மேல் ஏறிட்டான். எஸ்டேட் மேல பழி போட்டவ மட்டும் "மழையில சரி, கொழுந்துல?"ன்னு விடாம நிக்கிறா.

'ஹத்து' பக்கத்தில் 'பத்து' எழுதியாச்சு. இப்போ லைன் வீட்டுப் பிள்ளைகளும் ஹத்து வரைக்கும் எண்ணுறாங்க.

82 செ.மீ. கோடு ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு நெஞ்சுக்கு வந்துச்சு. லீவுப் பேச்சு நின்னுபோச்சு.

ஆனா புதுசா ஒண்ணு கிளம்பியிருக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தா ஒரு லிட்டர்னு சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துச் சரிவான ஓட்டுக் கூரையை அளக்காம, அது மூடுற தரையை அளந்தாங்க: நீளம் 10 மீட்டர், அகலம் 6. 12 மி.மீ.க்கு 720 லிட்டர். எங்க குடம் 15 லிட்டர், ஆக 48 குடம். எல்லாரும் சத்துணவு அக்காவைத் திரும்பிப் பார்த்தாங்க. குழாயில் தண்ணி வராத நாளில் அவங்கதான் கீழ ஓடையிலிருந்து தூக்கிட்டு வர்றாங்க.

கூரைத் தண்ணியைப் பிடிக்க, ஓட்டு ஓரத்தில் தகரப் பீலி அடிச்சுக் கொடுக்கிறவங்க கோத்தகிரியில் யாராவது இருக்காங்களா? 10 மீட்டருக்கு என்ன ஆகும்?