ஓபன் பேஃபிளுக்கு "தட்டி"ன்னு வைக்கலாம், "தடுப்பு" வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்,

ஓபன் பேஃபிள் ஸ்பீக்கருக்கு (பெட்டி இல்லாம ஒரு பலகையில மட்டும் மாட்டின ஸ்பீக்கர்) தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு ஓடிட்டிருக்கிற இந்த இழையை முதல்ல இருந்து படிச்சேன். இதுவரைக்கும் வந்தது திறந்த தடுப்பு ஒலிபெருக்கி, தடுப்புப்பலகை ஒலிபெருக்கி, பெட்டியில்லா ஒலிபெருக்கி, இருமுனை ஒலிபெருக்கி. என் பரிந்துரை "தட்டி". பேசும்போது தட்டி ஸ்பீக்கர், கட்டுரையில தட்டி ஒலிபெருக்கி. ஏன்னு சொல்றதுக்கு கொஞ்சம் நீளமா எழுத வேண்டியிருக்கு, ஏன்னா இந்த பலகை என்ன வேலை செய்யுதுங்கிறதுல தான் மொத்த விஷயமும் இருக்கு.

ஒரு ஸ்பீக்கர் கோன் முன்னாடி போகும்போது முன்பக்க காத்தை அழுத்துது, அதே நேரத்துல பின்பக்க காத்தை இழுக்குது, அதனால முன்னாடி கிளம்புற அலையும் பின்னாடி கிளம்புற அலையும் நேர் எதிர் கட்டத்துல (ஃபேஸ்ல) இருக்கும். வெறும் டிரைவரை (கோனும் மேக்னட்டும் சேர்ந்த பாகத்தை) கையில பிடிச்சு பாட்டு போட்டா பேஸ் சுத்தமா வராது, பின் அலை சுத்தி வந்து முன் அலையை அழிச்சிடும். நம்ம பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்துல இதுக்கு அழிவுக் குறுக்கீட்டு விளைவுன்னு நல்ல பேரே இருக்கு, அதை அப்படியே வச்சுக்கலாம். பெட்டி கட்டுறவங்க பின் அலையை உள்ளயே அடைச்சு வைக்கிறாங்க. ஓபன் பேஃபிள் கட்டுறவங்க அடைக்கிறதே இல்ல, ஒரு தட்டையான பலகையில டிரைவரை மாட்டி, பின் அலை முன்னாடி வந்து சேர்றதுக்கான பாதையை நீளமாக்குறாங்க. பலகையோட வேலை அவ்வளவுதான். அது பின் அலையை நிறுத்துறதில்ல, விளிம்பு வழியா சுத்தி வர வைக்குது.

இங்க தான் "தடுப்பு" தப்பான வழியில கொண்டு போகுது. ஆங்கிலச் சொல்லுக்கும் அந்த அர்த்தம் இருக்கு, ஒத்துக்கிறேன், ஆனா புதுசா பேர் வைக்கும்போது நாமளும் அதையே தூக்கிட்டு வரணும்னு இல்ல. தடுப்புன்னு கேட்ட உடனே புதுசா கட்ட வர்றவங்க கேக்குற முதல் கேள்வி "எவ்வளவு தடிமனா இருக்கணும்?" 18 மி.மீ. பிளைவுட் போதுமா, ரெண்டு ஷீட் ஒட்டி 36 ஆக்கணுமா, நடுவுல மணல் போடலாமா. கேக்க வேண்டிய கேள்வி "எவ்வளவு அகலமா இருக்கணும்?"

கணக்கு போட்டு காட்டுறேன். 40 செ.மீ. குறுக்களவுள்ள வட்டப் பலகை, நடுவுல டிரைவர். நடுவுல இருந்து விளிம்புக்கு 20 செ.மீ., நேர் எதிர்ல உக்காந்து கேக்குறவருக்கு முன்பின் பாதை வேறுபாடு அதே 20 செ.மீ. நம்ம ஊர் 30 டிகிரிக்கு ஒலியோட வேகம் நொடிக்கு 349 மீட்டர்னு வச்சுக்குங்க. பாதை வேறுபாடு அலைநீளத்துல பாதியா இருக்கிற இடம் 870 ஹெர்ட்ஸ் பக்கம், அங்க பின் அலை கட்டம் திரும்பி வந்து முன் அலையோட சேர்ந்துக்கும், முடிவில்லாத சுவத்துல மாட்டின டிரைவரை விட 6 டெசிபெல் மேடு. பாதை வேறுபாடு ஒரு முழு அலைநீளமா ஆகுற 1740 பக்கம் ஆழமான பள்ளம். கீழ வந்தா, பாதை வேறுபாடு ஆறுல ஒரு பங்கு அலைநீளமா இருக்கிற 290 ஹெர்ட்ஸ்ல லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, அதுக்குக் கீழ ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகுற ஒவ்வொரு தடவைக்கும்) 6 டெசிபெல் வீதம் சரிவு. 60 ஹெர்ட்ஸ்க்கு வரும்போது 13 டெசிபெல் போயிருக்கும்.

அதே பலகையை 80 செ.மீ. ஆக்கினா 60 ஹெர்ட்ஸ் இழப்பு 7 டெசிபெல் தான். தடிமனை 18ல இருந்து 36 மி.மீ. ஆக்கினா பாதை நீளுறது 1.8 செ.மீ., அதுல ஒண்ணும் மாறாது. பலகை ஆடாம இருக்க விறைப்பு வேணும், உண்மை, டிரைவரோட எதிர்விசை அதுல விழுது. ஆனா பெட்டிக்குள்ள இருக்கிற காத்தழுத்தம் இங்க இல்ல, அதனால 18 மி.மீ. பிளைவுட்டும் பின்னாடி ஒரு நல்ல சட்டமும் போதும். பேர்லயே "தடுப்பு" இருந்தா இதை ஒவ்வொரு தடவையும் விளக்கிட்டே இருக்கணும்.

வட்டம்னு சொன்னது கணக்கு சுலபமா இருக்கணும்னு. நிஜத்துல யாரும் வட்டமா வெட்டுறதில்ல, வெட்டவும் கூடாது, எல்லா விளிம்பும் ஒரே தூரத்துல இருந்தா அந்த மேடும் பள்ளமும் ரொம்ப கூர்மையா வரும். செவ்வகத்துல டிரைவரை நடுவுல இருந்து தள்ளி வச்சா ஒவ்வொரு விளிம்பும் ஒவ்வொரு தூரம், மேடு பள்ளம் பரவி மழுங்கிடும்.

இப்ப தட்டிக்கு வர்றேன். ஓலைத்தட்டி, மூங்கில் தட்டி, வெட்டிவேர் தட்டி, டீக்கடை வாசல்ல சாய்ச்சு வைக்கிற தட்டி போர்டு, எல்லாமே தட்டையா, தனியா நிக்கிற, ரெண்டு பக்கமும் காத்து இருக்கிற பொருள். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு தட்டி வான் மூலமா இந்த சொல் நல்லாவே தெரியும். முக்கியமா தட்டியை சுத்தி போக முடியும்னு எல்லாருக்கும் தெரியும், "திறந்த"ன்னு தனியா ஒரு அடைமொழி வேண்டியதே இல்ல. "திறந்த தடுப்பு"ன்னு படிச்சா எனக்கு மனசுல வர்றது முதுகு திறந்த பெட்டி, அந்த கால வால்வு ரேடியோ மாதிரி. அதுவும் உறவுக்காரன் தான் ஆனா வேற அமைப்பு.

இன்னொரு காரணம், மைக் செட் காரங்க ஏற்கனவே உருவத்தை வச்சு தான் பேர் சொல்றாங்க. திருவிழாவுக்கு குழாய் கட்டணுமா பாக்ஸ் வைக்கணுமான்னு கேப்பாங்க. அரசாணையில கூம்பு வடிவ ஒலிபெருக்கின்னு எழுதுறது தெருவுல குழாய் ஆயிடுது. குழாய், பெட்டி, தட்டி. மூணும் ஒரே வரிசையில உக்காருது, பெட்டி ஸ்பீக்கரா தட்டி ஸ்பீக்கரான்னு கேட்டா யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஒரு கலைச்சொல் ஆசாரி வாயிலயும் கடைக்காரர் வாயிலயும் நுழைஞ்சா தான் நிக்கும்னு நான் உறுதியா நம்புறேன்.

"தட்டி"ன்னா "கையால தட்டி"ன்னு வினையெச்சமா படிச்சிட மாட்டாங்களான்னு ஒரு ஆட்சேபம் வரலாம். "கட்டி"க்கும் அதே இரட்டை அர்த்தம் இருக்கு, வெல்லக்கட்டின்னா யாரும் குழம்புறதில்ல, இதுவும் பழகிடும்.

இருமுனை ஒலிபெருக்கின்னு சொன்ன நண்பருக்கு: இருமுனை ரொம்ப தேவையான சொல், மின் இருமுனைன்னு புத்தகத்துல இருக்கிறதால புதுசா கண்டுபிடிக்கவும் வேண்டாம். ஆனா அது ஒலி முன்னும் பின்னும் எதிர் கட்டத்துல பரவுற விதத்தோட பேர், தட்டி அமைப்போட பேர். 1957ல வந்த குவாட் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் சுத்தமான இருமுனை, அதுல கோனும் கிடையாது நாம சொல்ற பலகையும் கிடையாது. மறுபக்கம், தட்டியோட பின்னாடி ரெண்டு பக்கமும் ஆழமா சிறகு வச்சு உள்ள கம்பளி திணிச்சா பின் அலை தாமதமாகி பலவீனமாகிடும், பரவுற விதம் இருமுனையில இருந்து இதய வடிவத்துக்கு போயிடும். ரெண்டு சொல்லும் வேணும், ஒண்ணை இன்னொண்ணுக்கு பதிலா போடக்கூடாது.

இந்த துறையில நிறைய பேருக்கு வழிகாட்டினவர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் (1935–2018), லிங்க்விட்ஸ்-ரைலி கிராஸோவர்ல (ஒலியை அதிர்வெண் வாரியா பிரிச்சு வெவ்வேற டிரைவருக்கு அனுப்புற சுற்று) வர்ற அதே லிங்க்விட்ஸ். ஓரியன், எல்.எக்ஸ்.521 ஸ்பீக்கர் எல்லாம் அவர் வடிவமைப்பு. தன் கணக்கையும் அளவீட்டையும் எல்லாரும் பாக்குற மாதிரி இணையத்துல போட்டு வச்சார். அதை தமிழ்ல எழுதணும்னு தான் எனக்கு இந்த சொற்கள் மேல இவ்வளவு அக்கறை.

அளவெடுக்கும்போது தேவைப்படுற சொற்களையும் சேர்த்து பாத்துடலாம், "தட்டி" தேறுதான்னு அங்க தான் தெரியும். 870ல வர்ற மேட்டுக்கு தட்டி முகடு, 1740க்கு தட்டிப் பள்ளம், கீழ் அதிர்வெண் சரிவுக்கு முன்பின் இழப்பு. ஈழத்து நண்பர்கள் அதிர்வெண்ணுக்கு மீடிறன்னு போட்டுக்கட்டும், ரெண்டும் அகராதியில இருக்கணும். விளிம்புல அலை வளைஞ்சு போறதுக்கு தமிழ்நாட்டு பாடநூல்ல விளிம்பு விளைவுன்னே இருக்கு, இங்க இதை விட பொருத்தமான சொல் கிடைக்காது. இன்ஃபினிட் பேஃபிளுக்கு முடிவிலித் தட்டி. தட்டியோட அகலத்தை கூட்டிக்கிட்டே போனா கடைசியில கிடைக்கிறது அது தான், அந்த ஒரு எல்லையில மட்டும் தடுப்புன்னு சொன்னாலும் சரியா இருக்கும், ஏன்னா சுத்தி வர விளிம்பே இல்ல. பெட்டியோட முன் பலகையையும் பேஃபிள்னு தானே சொல்றாங்கன்னு கேட்டிருந்தீங்க, அது பெட்டியோட ஒரு உறுப்பு, அதுக்கு முகப்புப் பலகைன்னு தனியா வச்சிடலாம்.

மைக்கை கோனுக்கு ஒட்டி வச்சு எடுக்கிற முறையை டி.பி. கீல் 1974ல எழுதினார், பெட்டிக்கு அருமையான முறை. தட்டிக்கு அதை அப்படியே நம்பக்கூடாது. கோனுக்கு ஒரு சென்டிமீட்டர்ல இருக்கிற மைக்குக்கு முன் அலை மட்டும் தான் பலமா கேக்கும், பின் அலையோட அழிவு தெரியவே தெரியாது. ஸ்க்ரீன்ல 40 ஹெர்ட்ஸ் வரைக்கும் நேர்கோடா தெரியும், ரூம்ல உக்காந்தா பேஸ் இருக்காது. இதுக்கு கிட்ட அளவீடு, எட்ட அளவீடுன்னு பேர் வைக்கலாம், கிட்ட அளவீட்டுல இருந்து முன்பின் இழப்பை கணக்குல கழிச்சா தான் நிஜம் கிடைக்கும்.

எட்ட அளவீட்டுல பிரச்சினை தரையில பட்டு வர்ற எதிரொலி. தரையில இருந்து 1.2 மீட்டர் உயரம், மைக் 1 மீட்டர் தூரம்னா தரை வழியா வர்ற ஒலி 2.6 மீட்டர் பயணம் பண்ணும், நேர் ஒலியை விட 1.6 மீட்டர் அதிகம், அதாவது 4.6 மில்லிசெகண்ட் தாமதம். ஆர்.இ.டபிள்யூ.ங்கிற அளவெடுக்கிற மென்பொருள்ல அந்த இடத்துல வெட்டினா கிட்டத்தட்ட 220 ஹெர்ட்ஸ்க்கு கீழ எந்த தகவலும் இல்ல. அந்த வெட்டுக்கு "கால ஜன்னல்"னு நேரடியா சொல்றதை விட "நேர வெட்டு" எனக்கு பிடிச்சிருக்கு. மொட்டை மாடியில சுவர்கள் தள்ளி இருக்கும், ஆனா தரை அங்கயும் தரை தான், உயரத்துல ஏத்தி வச்சா மட்டும் தான் எல்லை கீழ இறங்கும்.

தட்டிக்கு மட்டுமே உரிய சோதனை ஒண்ணு இருக்கு. தட்டியை மெதுவா திருப்பிக்கிட்டே ஸ்வீப் (கீழ் அதிர்வெண்ல இருந்து மேல ஏறுற சோதனை ஒலி) எடுங்க. நேர் எதிர்ல இருந்து 45 டிகிரில 3 டெசிபெல் குறையணும், 60 டிகிரில 6, 90 டிகிரில ஒலி காணாமப் போகணும். ஏன்னா பக்கவாட்டுல முன் அலையும் பின் அலையும் சம தூரம் வந்து முழுசா அழிச்சுக்குது. அந்த 90 டிகிரி பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்ல இருமுனை. ஆழம் இல்லைன்னா பின்னாடி மேக்னட், கூடை (டிரைவரோட உலோகச் சட்டகம்), பலகையோட சட்டம் ஏதோ பின் அலையை மாத்துதுன்னு அர்த்தம். இந்த பள்ளத்துக்கு கணுன்னு ஒருத்தர் சொல்லியிருந்தார், கணு நிலை அலையோட சொல், குழப்பம் வரும். நான் சுழித்தளம்னு சொல்றேன், சுழின்னா இங்க பூஜ்யம். திசைன்னு சொல்லாம தளம்னு சொல்றதுக்கு காரணம், அது பலகையோட தளமே தான், இடம் வலம் மட்டுமில்லாம நேர் மேலயும் கீழயும் கூட ஒலி அவிஞ்சிடும். இருமுனை ரூமுக்குள்ள கொட்டுற மொத்த ஒலி, நேர் எதிர்ல அதே சத்தம் தர்ற எல்லாத்திசை ஸ்பீக்கர் கொட்டுறதுல மூணுல ஒரு பங்கு, 4.8 டெசிபெல் கம்மி. தட்டி ஸ்பீக்கர் ரூம்ல தெளிவா கேக்குறதுக்கு பெரிய காரணம் இது தான். பின்சுவத்துல இருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்றாங்களே, அப்ப தான் பின் அலை சுவத்துல பட்டு வர கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட் ஆகும், காது அதை தனியா பிரிச்சுக்கும்.

கூடவே ஒண்ணு. க்யூ ஃபேக்டருக்கு (அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குதுங்கிறதை காட்டுற எண்) பாடநூல்ல தரக்காரணின்னு இருக்கு. இங்க அதுவும் "தடுப்பு" மாதிரியே ஆளை குழப்பும், மதிப்பு கூடினா தரம் கூடும்னு நினைப்பாங்க. தட்டிக்கு க்யூ.டி.எஸ். (டிரைவரோட மொத்த க்யூ) 0.7க்கு மேல இருக்கிற டிரைவர் நல்லா பொருந்தும், அது பெரும்பாலும் மேக்னட் பலவீனமான டிரைவர், அதோட ஒத்ததிர்வுல வர்ற மேடு முன்பின் இழப்பை கொஞ்சம் ஈடுகட்டும். இறுக்கமான பெரிய மேக்னட் போட்ட விலை கூடின வூஃபர் இதுல மெலிஞ்சு தான் கேக்கும், ஈக்வலைசர் இல்லாம சரி பண்ண முடியாது. அதனால இந்த சொல் தொகுப்புக்குள்ள மட்டும் க்யூ காரணின்னு போட்டுக்கலாம்னு நினைக்கிறேன்.

எனக்கு இன்னும் சரியா அமையாதது எச் ஃபிரேம், யு ஃபிரேம் ரெண்டும். 60 ஹெர்ட்ஸ்ல நஷ்டமில்லாம இருக்கணும்னா தட்டி கிட்டத்தட்ட 2 மீட்டர் அகலம் வேணும், வீட்டுக்குள்ள முடியாது, அதனால ஓரத்தை மடக்கி விடுறாங்க, பாதை நீளம் கிடைக்கும் அகலம் குறையும். மடிப்புத் தட்டின்னு பொதுப்பேர் வைக்கலாம். பின்பக்கம் மட்டும் மடிச்சது யு, முன்னும் பின்னும் மடிச்சது எச், இந்த ரெண்டையும் எழுத்து வடிவத்தை நம்பாம தமிழ்ல பிரிச்சு சொல்ல சொல் வேணும். ஒருமடி, இருமடின்னு போடலாம்னு பாத்தேன், கணக்குல இருமடின்னா வேற அர்த்தம். மரவேலை தெரிஞ்சவங்க இந்த குழுவுல இருக்கீங்க, கதவு, நிலை, பெட்டி வேலையில இந்த மாதிரி ஒரு பக்கம் மடிச்சதுக்கும் ரெண்டு பக்கம் மடிச்சதுக்கும் புழக்கத்துல என்ன சொல்வீங்கன்னு எழுதுங்க.

அன்புடன்