துப்பும் பழக்கத்தை நிறுத்த நீங்கள் என்ன செய்தீர்கள்?

தோழிகளே, மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் மேல் துப்புகிறான். கைக்குழந்தைகள் 'ப்ர்ர்' என்று எச்சில் தெறிக்க விளையாடுவார்களே, அது பேச்சுக்கு முன் வரும் இயல்பான பழக்கம். இது அப்படி இல்லை. பொம்மையைப் பிடுங்கினால், டிவியை அணைத்தால், உடனே 'தூ'. துப்பிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். மாமியார் அதட்டுவார், நாத்தனார் பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டுமே அவனுக்குக் கொண்டாட்டம்.

வாயில் மிளகாய் தடவு என்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். இப்போது முகத்தில் எதையும் காட்டாமல், "துப்பக் கூடாது. கோபம்னா கோபம்னு வாயால சொல்லு" என்று மட்டும் சொல்லி, துணியைக் கொடுத்துத் துடைக்க வைக்கிறேன். பல் துலக்கும்போது வாஷ்பேசினில் துப்பலாம் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பிளே ஸ்கூலில்தான் தினமும் புகார்.

அப்புறம் ஒரு சங்கடம். மாமனார் வெற்றிலை போட்டு வாசலில் துப்புவார். "தாத்தா மட்டும் துப்பலாமா?" என்கிறான். நியாயமான கேள்விதானே! அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

இதே வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள், பள்ளியில் மிஸ்ஸிடம் என்ன செய்யச் சொன்னீர்கள்? பேச்சு நன்றாக வருகிறது. எச்சில் ஒழுகுவது, விழுங்கச் சிரமப்படுவது எதுவும் இல்லை. அப்படியும் டாக்டரிடம் காட்ட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.