மறுமொழி: மார்செலேஷனுக்கு 'துணுக்காக்கல்' பொருந்துமா?

> கருப்பை நார்க்கட்டி அறுவையில் வரும் மார்செலேஷனுக்குத் 'திசுச்சிதைப்பு' என்றே வைத்துவிடலாமே.

நண்பர்களுக்கு வணக்கம். மார்செலேஷன் என்பது கருப்பையையோ கட்டியையோ உடலுக்குள்ளேயே துண்டு துண்டாக்கி வெளியே எடுப்பது. அதற்குத் தமிழில் 'துணுக்காக்கல்' என்பதே என் பரிந்துரை.

'சிதைப்பு' வேண்டாம் என்பேன். அதைப் படித்தால் உருக்குலைந்து அழிவதுதான் மனதில் வரும். இங்கே நடப்பது வெட்டு. பருத்த கருப்பையை லேப்ராஸ்கோப்பி என்னும் நுண்துளை அறுவையின் சின்னத் துளை வழியே முழுசாக எடுக்க முடியாது. அதனால் ஒரு குழாயை உள்ளே விடுகிறார்கள். அதன் முனையில் உருளைக் கத்தி சுழலும். இடுக்கியால் கட்டியைப் பிடித்து இழுக்க இழுக்க, அது பட்டை பட்டையாக அரிபட்டுக் குழாய்க்குள் வரும். 'அரிந்தெடுப்பு' என்று ஒருவர் சொன்னது இதைப் பார்த்துத்தான். அழகான சொல். ஆனால் அது எடுத்ததை மட்டும் சொல்கிறது, உள்ளே தங்கிவிடுவதைச் சொல்லவில்லை.

கத்தி சுழலும்போது தெறிக்கும் துணுக்குகள் வயிற்றுக்குள் நின்றுவிடலாம். சாதாரண நார்க்கட்டியின் துணுக்கே வேறிடத்தில் ஒட்டி வளர்வதுண்டு. நார்க்கட்டி என்று நினைத்தது சார்கோமா புற்றுநோயாக இருந்தால் அதுவும் பரவும். அறுவைக்கு முன்பே அதை உறுதியாகக் கண்டறியும் சோதனையும் இல்லை. 2014 ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், நார்க்கட்டிக்காக அறுவை செய்துகொள்ளும் 350 பெண்களில் ஒருவருக்கு இப்படி மறைந்த சார்கோமா இருக்கலாம் என்று கணக்கிட்டது. அது மிகையான கணக்கு என்று வாதிட்ட மருத்துவர்களும் உண்டு. 2020-ல் அந்த நிர்வாகம், இக்கருவியைத் திசுவைப் பைக்குள் அடக்கி வைத்தே பயன்படுத்த வேண்டும் என்றது. மாதவிடாய் நின்றவர்களுக்கும் 50 வயதைக் கடந்தவர்களுக்கும் அதுவும் கூடாது.

அக்காவின் அறுவைக்கு முன் ஒப்புதல் படிவத்தை நான்தான் படித்துச் சொன்னேன். 'மார்செலேஷன் செய்யப்படலாம்' என்று தமிழ் எழுத்தில் இருந்தது. "அப்படின்னா என்ன?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 'துணுக்காக்கல்' என்று இருந்திருந்தால், துணுக்கெல்லாம் எங்கே போகும் என்று அவளே மருத்துவரிடம் கேட்டிருப்பாள்.

இதிலிருந்து மற்றவையும் எளிதாகக் கிளைக்கின்றன. கருவி மின்துணுக்காக்கி. யோனி வழியே கத்தியால் கையாலேயே செய்வது கைத்துணுக்காக்கல். பையில் வைத்துச் செய்வது பைக்குள் துணுக்காக்கல்.

அப்புறம், அந்தப் பைக்கு 'அடக்கப்பை' என்றொரு பரிந்துரை வந்தது. அடக்கம் என்றாலே புதைப்பதும் நினைவுக்கு வருமே, நோயாளி கையெழுத்துப் போடும் தாளில் அது ஆகாது. இப்போதைக்குக் 'காப்புப்பை' என்று எழுதி வருகிறேன். இன்னும் பொருத்தமாகத் தோன்றினால் சொல்லுங்கள்.